பெரும்பாணாற்றுப்படையும் வங்கத்துப் பாக்கரும்

சங்க இலக்கியத்தைக் காதலுக்கும் வீரத்துக்கும் உரிய களஞ்சியமாக மட்டும் காண்பது நம்மிடையே ஊறிவிட்ட வழக்கம். அக்களஞ்சியத்தின் ஒரு பக்கத்தில் அடுக்களையும் உண்டு என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளில் ஒரு நாட்டின் உணவு வரலாற்றையே விரித்துரைக்கிறது. எயினர் தந்த புல்லரிசிச் சோறு, ஆயர் தந்த தினைச்சோறும் பாலும், உழவர் தந்த வெண்ணெற்சோறு என நிலத்துக்கு நிலம் உணவு மாறுவதைப் பாணன் வாயிலாகப் புலவர் காட்டிச் செல்கிறார். அவ்வரிசையில் வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் விருந்தைச் சொல்லுமிடத்து, அரிசியிலிருந்து கள் செய்யும் முறையினையும் முதலிலிருந்து முடிவுவரை படிப்படியாகக் கூறிவிடுகிறார். வீட்டில் கள் வடிக்கும் தொழில் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லப்பட்ட இடம் பழந்தமிழில் அரிது.

அப்பகுதியில் வரும் ‘நல்லடை’ என்னும் ஒரு சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. அச்சொல்லின் பொருளைக் காவிரிக் கரையில் தேடுவதைவிட, நாம் வந்து குடியேறிய இவ்வங்க நாட்டில் தேடுவது பயன் தரும் என்பது எம் கருத்து.

வலைஞர் இல்லத்துச் சாடி

புலவர் கூறும் முறையினை உரைநடையிற் சுருக்கினால் இவ்வாறு அமையும். குற்றித் தீட்டாத அரிசியை நீரிலிட்டுக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அக்களியை அகன்ற வாயையுடைய தட்டில் பரப்பி ஈரம் புலருமாறு ஆற வைக்கின்றனர். ஆறிய பின்னர் நல்லடையை அதனோடு கலந்து அளாவுகின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுகின்றனர். வலிய வாயையுடைய சாடியில் அது இளமை நீங்கி முற்றுகிறது. பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்து வடித்தெடுத்து, சுட்ட மீனோடு வழிநடைக் களைப்பில் வந்த பாணர்க்கு அளிக்கின்றனர்.

இதில் ஒரு படியேனும் வீணானது இல்லை. களியை ஏன் ஆற்ற வேண்டும்? பாலுக்கு உறையிடும் நம் இல்லத்துப் பெண்டிரைக் கேட்டால் விடை கிடைக்கும். கொதிக்கும் பாலில் மோரை விட்டால் தயிர் தோயாது. உறையில் இருப்பவை உயிர்கள். சூடு அவற்றைக் கொன்றுவிடும். தட்டு ஏன் அகன்றிருக்க வேண்டும்? விரைந்து ஆறுதற்பொருட்டு. இரண்டு நாள் என்னும் அளவு ஏன்? தமிழ்நாட்டு வெப்பத்தில் அதற்கு மேல் வைத்தால் கள் புளித்துக் காடியாகும் நிலையை நெருங்கும். நுண்ணுயிர் என்னும் பெயரையே அறியாத காலத்தில், அவற்றின் இயல்பறிந்து தொழில் செய்தவர்கள் அம்மீனவர்கள்.

வீட்டில் வடித்த இந்த அரிசிக் கள்ளுக்கு வேறு சான்றுகளும் உள. ‘தோப்பி’ என்பது நெல்லால் ஆக்கிய கள். இல்லத்திலேயே சமைத்த தோப்பியைப் பருகுவோரை இதே ஆற்றுப்படை வேறோர் இடத்தில் காட்டுகிறது. அகநானூற்றின் 35ஆம் பாட்டில், குடவாயிற் கீரத்தனார், மயிற்பீலி சூட்டிய நடுகல்லுக்குத் தோப்பியும் ஆட்டுப் பலியும் படைக்கும் வழக்கத்தைப் பாடுகிறார். அரசர் அவையில் நிலை வேறு. யவனர் கலத்தில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதாகப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு கூறும். 1945இல் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்த நடுநிலக்கடல் நாட்டுச் சாடித் துண்டுகள் அவ்வாணிகத்துக்குச் சான்று பகர்ந்தன. ஆகவே அரசனுக்குக் கடல் கடந்த திராட்சைத் தேறல்; குடிமகனுக்கும் அவன் வணங்கிய வீரனுக்கும் வீட்டுச் சாடியில் முற்றிய நெற்கள். முன்னதன் ஓட்டுத் துண்டுகளை அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றுகிறோம். பின்னதன் தொழில்முறை உரையாசிரியர் ஏட்டில் மட்டும் தங்கிவிட்டது.

அடை என்பது எது?

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். நச்சினார்க்கினியரை ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டினராகக் கொள்வர். பாட்டுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அவர் நல்லடையை முளையோடு பொருத்தி, முளைத்த தானியத்தை இடித்துச் சேர்ப்பதாகப் பொருள் கொண்டார்.

இப்பொருள் எளிதில் தள்ளத்தக்கதன்று. தானியத்தை ஊறவைத்து முளைக்கவிட்டால், அதன் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் நொதிப்பொருள் அத்தானியத்துள்ளேயே தோன்றும். அப்பொருளை 1833இல் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் பிரித்தறிந்தனர். மேலை நாட்டுப் பீர் முழுவதும் இவ்வடிப்படையில் எழுந்ததே. வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, முளை கண்டதும் உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் இட்டுச் சாற்றைப் பிரிப்பர். வடமொழி வேள்வி நூல்கள் சௌத்திராமணி என்னும் சடங்குக்குரிய சுரையைச் சொல்லுமிடத்து, முளைத்த நெல்லையும் முளைத்த யவத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. எனவே முளையால் கள் சமைக்கும் அறிவு இந்நாட்டுக்குப் புதிதன்று.

ஆயினும் பாட்டில் உள்ள சொல் ‘அடை’ என்பதே. முளை என்பது உரையாசிரியர் தந்தது. அந்த அடைக்குப் புலவர் இரண்டு அடையாளங்கள் கூறுகிறார். ஒன்று, அதன் மேற்புறம் பூத்ததுபோல் பொலிவது. மற்றொன்று, அது பாம்பு உறையும் புற்றினுள் இருக்கும் குரும்பியை ஒத்திருப்பது. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கறையான் புற்றை வெட்டியவர்கள் அதனைக் கண்டிருப்பர். கடற்பஞ்சுபோல் துளைகளுடைய உருண்டை. அதன்மேல் வெண்மையான சிறு மணிகள் பூத்துக் கிடக்கும். அவ்வெண்மணிகள் கறையான்கள் பயிர் செய்து வளர்க்கும் ஒருவகைப் பூஞ்சணம் என்பதை இன்றைய உயிரியல் தெளிவாக்கியுள்ளது.

புலவர் உவமையைத் தேர்ந்த நுட்பம் இங்கேதான் புலப்படுகிறது. பூத்த மேற்புறமுடைய அடைக்கு, பூஞ்சணம் பூத்த புற்றாஞ்சோறு உவமை. ஈரமான மாவுப்பண்டத்தின்மேல் வெண்ணிறமாகப் படர்வதனைப் ‘பூஞ்சணம் பூத்தது’ என்றுதான் இன்றும் நாம் வழங்குகிறோம். எனவே அந்த அடையின் சிறப்பு அதன் முளையில் மட்டுமன்று, அதன்மேற் பூத்த பூவிலும் இருந்திருத்தல் கூடும் என்று எமக்குத் தோன்றுகிறது.

வங்கத்துச் சந்தையில் ஒரு விடை

இந்த ஐயத்தோடு கொல்கத்தாவிலிருந்து மேற்கே செல்வோமாயின், பாங்குரா, புருலியா மாவட்டங்களின் வாரச் சந்தைகளில் விடை காத்திருக்கிறது. அங்கே பழங்குடிப் பெண்கள் சிறு கூடைகளில் வெண்மையான உருண்டைகளை விற்பர். அரிசி மாவோடு காட்டு வேர்களையும் பச்சிலைகளையும் இடித்துச் சேர்த்து, உருட்டி, வைக்கோலில் வைத்து, மேலே வெண்பூ படர்ந்தபின் உலர்த்தியவை அவை. வங்காளியர் அவற்றைப் பாக்கர் என்பர். சந்தால் மக்கள் ரானு என்பர். அவற்றைக் கொண்டு வடிக்கும் அரிசிக் கள்ளுக்கு ஹாண்டியா என்பது பெயர். பானையைக் குறிக்கும் சொல்லே பானத்துக்கும் பெயராயிற்று.

செய்முறையைக் கேட்டால் வியப்பு மேலிடும். அரிசியைச் சோறாக வேகவைக்கின்றனர். பாயில் பரப்பி ஆற்றுகின்றனர். ஆறிய சோற்றில் பாக்கரைப் பொடித்துத் தூவிக் கலக்கின்றனர். மட்பானையில் இட்டு மூடி, கோடையில் இரண்டு மூன்று நாளும் குளிர்காலத்தில் இன்னும் சில நாளும் வைக்கின்றனர். பின்னர் நீர் விட்டுக் கையால் பிசைந்து வடிக்கின்றனர். வலைஞர் குடியிருப்பின் படிகள் ஒன்றுவிடாமல் இங்கே உள்ளன. தட்டின் இடத்தில் பாய், சாடியின் இடத்தில் பானை, அடையின் இடத்தில் பாக்கர், வேறுபாடு அவ்வளவே.

பாக்கர் போன்ற உருண்டைகளை ஆராய்ந்தோர் அவற்றுள் இருவகை உயிர்களைக் காண்கின்றனர். ஒன்று பூஞ்சணம், அது சோற்றின் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும். மற்றது ஈஸ்ட், அது அச்சர்க்கரையைச் சாராயப் பொருளாக்கும். இரண்டும் ஒரே பானையில் ஒரே வேளையில் தொழில் செய்கின்றன. சீனம், ஜப்பான், ஜாவா முதலிய கீழை நாடுகளின் அரிசிப் பானங்கள் எல்லாம் இவ்வழியைச் சேர்ந்தவை. நம் டார்ஜிலிங் மலையில் கேழ்வரகினால் ஆக்கும் தோங்பாவுக்கும் மார்ச்சா என்னும் அடையே உறையாகிறது.

இவ்வாறாயின் நச்சினார்க்கினியர் பிழைபட்டாரா? அவ்வாறு துணிதல் பொருந்தாது. நாகாலாந்தின் அங்காமி மக்கள் வடிக்கும் சூதோ என்னும் அரிசிக் கள்ளில், முளைத்த நெல்லை இடித்த மாவுதான் உறை. அதனையும் கூழ் ஆறிய பின்னரே கலக்கின்றனர். முளைத்த ஈர நெல்லில் பூஞ்சணமும் ஈஸ்ட்டும் தாமே வந்து படிவதுண்டு. ஆகவே முளையை இடித்து, அடையாகத் தட்டி, மேலே பூ படரும்வரை வைத்திருந்தனர் என்று கொண்டால் பாட்டும் உரையும் ஒருங்கே பொருந்துகின்றன. முளை என்னும் மேற்கத்திய வழியும் பூஞ்சணம் என்னும் கிழக்கத்திய வழியும் அந்த ஓர் அடையில் கூடியிருத்தல் இயலாததன்று. நாம் மறுப்பது உரையை அன்று. முளையோடு நின்றுவிடும் விளக்கத்தையே. புலவர் பூவையும் புற்றாஞ்சோற்றையும் வீணுக்குச் சொல்லவில்லை.

பனிக்கட்டியும் லாகரும்

நாம் வாழும் நகரத்துக்கும் தானியக் கள்ளுக்கும் உள்ள தொடர்பு இத்துடன் முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இங்கிலாந்துப் பீர் பீப்பாய்களில் அந்நாளைய கல்கத்தாவுக்கு வந்திறங்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கைந்து திங்கள் கடலில் மிதந்து வந்த அப்பானம் வெப்ப நாட்டில் குளிர்ச்சியின்றிப் பருகப்பட்டது. 1833 செப்டம்பரில் டஸ்கனி என்னும் கப்பல் பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு ஊக்ளி ஆற்றில் நுழைந்தது. புறப்படும்போது ஏறத்தாழ 180 டன். வந்து சேர்ந்தது ஏறத்தாழ 100 டன். இங்கிருந்த ஆங்கிலேயர் பணம் திரட்டி அதற்கெனப் பனிக்கட்டிக் கிடங்கே கட்டினர். முளையின் நொதிப்பொருள் பாரிசில் பிரித்தறியப்பட்ட அதே 1833இல், பீரைக் குளிர்விக்கும் பனி கல்கத்தாவுக்கு வந்தது.

குளிர்ச்சி பருகுவோர்க்கு மட்டும் இன்பமன்று; ஒருவகைப் பீருக்கு அது உயிர்நிலை. பவேரிய நாட்டார் குளிர்ந்த நிலவறைகளில் மாதக்கணக்கில் வைத்து முதிர்வித்த பீருக்கு லாகர் என்று பெயர். சேமித்துவைத்தல் என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லடியாக அது பிறந்தது. மற்றைய ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும் 7 முதல் 13 பாகை செல்சியஸ் வெப்பத்தில் லாகர் ஈஸ்ட் மெல்ல மெல்லத் தொழில் செய்யும். 1883இல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பார் அதனைத் தூய நிலையில் தனியே வளர்த்துக் காட்டினார். அது இருவகை ஈஸ்ட்டின் கலப்பில் பிறந்தது. அதன் பெற்றோருள் குளிரைத் தாங்கும் காட்டு ஈஸ்ட், தென்னமெரிக்காவின் படகோனியக் காடுகளில் கண்டறியப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. பின்னர்த் திபெத்திலும் கண்டனர்.

இன்று மேலை நாடுகளில் இல்லத்திலேயே லாகர் வடிப்போர் பலர். நொறுக்கிய முளைத்தானியத்தைத் துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 பாகை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைப்பர். அச்சாற்றோடு முளைத்தானியப் பாகும் ஹாப்ஸ் பூவும் சேர்த்துக் கொதிக்கவைப்பர். ஆற்றிய பின்னர் லாகர் ஈஸ்ட்டை இட்டுக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று வாரம் நொதிக்கவிட்டு, அதன்பின் உறைநிலைக்கு அருகே பல வாரம் முதிர்விப்பர். ஊறல், ஆற்றல், உறை, பொறுத்திருத்தல் என்னும் நான்கும் உருத்திரங்கண்ணனார் கூறியவையே. காலமும் குளிருமே வேறு.

அக்குளிரின் இன்றியமையாமையைப் பாலிகஞ்சில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. சித்திரையில் அரைத்த இட்லி மாவு விடியுமுன் பாத்திரம் வழியப் பொங்கிப் புளித்துவிடும். தை மாதத்தில், இரவு வெப்பம் 14 பாகைக்கு அருகே இறங்கும்போது, அதே மாவு கல்லாய்க் கிடக்கும். கம்பளியால் சுற்றியும் அடுப்பருகே வைத்தும் அதனை எழுப்ப வேண்டும். நம் மாவைப் பொங்கவைக்கும் உயிர்கள் வெப்பம் விரும்புபவை. லாகர் ஈஸ்ட்டுக்கோ வங்கத்துத் தை மாதமும் சற்று வெம்மைதான். தமிழகத்திலும் முதிர்வித்தலை அறியாமல் இல்லை. பறம்பு மலையைப் பாடிய கபிலர், நிலத்துள் புதைத்து முதிரவைத்த தேறலைப் புறநானூற்றின் 120ஆம் பாட்டில் குறிக்கிறார். மண்ணின் அடியில் பவேரியக் குளிர் கிட்டாது; ஆயினும் பகலும் இரவும் மாறாத ஒரே சீரான வெப்பம் கிட்டும். அச்சீர்மையின் பயனையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

சட்டம் வகுத்த வேறுபாடு

இல்லத்தில் கள் வடிப்பதனை அரசு நோக்கிய முறையும் வரலாற்றில் கருதத்தக்கது. சாணக்கியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம், சுரைக்கெனத் தனி அதிகாரியை வகுத்து, கிண்வம் என்னும் உறையின் அளவோடு அரிசி மதுவின் செய்முறையையும் கூறுகிறது. ஒரு துரோண நீருக்கு அரை ஆடக அரிசியும் மூன்று பிரஸ்தக் கிண்வமும் என்பது அதன் கணக்கு. அத்துணைக் கடுமையான நூலும், இல்லறத்தார் தம் சடங்கு நாட்களில் வீட்டிலேயே வெண்சுரை ஆக்கிக்கொள்ள இசைவு தருகிறது.

அந்நூலைச் சாமா சாஸ்திரியார் மைசூரில் அச்சேற்றிய 1909ஆம் ஆண்டிலேதான் வங்க ஆயத் தீர்வைச் சட்டமும் பிறந்தது. அரிசி, சிறுதானியம் முதலியவற்றை நொதிக்கவைத்துப் பெறுவதனை அச்சட்டம் ‘பச்சுவாய்’ என்று பெயரிட்டு, பீர் இதனுள் அடங்காது என்று விலக்கிவைத்தது. தானியம் ஒன்று, நொதித்தல் ஒன்று. ஆயினும் ஆங்கிலேயன் பருகுவது பீர், சந்தால் பருகுவது பச்சுவாய். பொருளில் இல்லாத வேறுபாட்டைப் பருகுவோன் தகுதியில் கண்ட சட்டம் அது என்பதில் ஐயமில்லை.

தமிழகத்தில் 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. இவற்றுக்கெல்லாம் முன்னரே பனையும் தென்னையும் கள்ளுக்கு முதலாகி, கள் என்றாலே மரத்திலிருந்து இறக்குவது என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. தோப்பி அகராதிச் சொல்லாயிற்று.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அந்நெறியே நமக்கும் நெறி. குடியால் கெட்ட குடும்பங்களின் கண்ணீரை அறிந்தவர் எவரும் மதுவுக்குப் பரிந்து பேச முற்படார். ஆனால் ஒரு பழக்கத்தை விலக்குவது வேறு. அதனுள் இருந்த அறிவை மறப்பது வேறு. தானியத்தை ஊறவைத்து, ஆற்றி, உறையிட்டு, காலம் பார்த்துக் காத்திருக்கும் அறிவே நம் இட்லியிலும் உள்ளது. இரவெல்லாம் நீரில் ஊறிய நம் பழஞ்சோற்றிலும், வங்காளியரின் பாந்தா பாத்திலும் உள்ளது. பழையதும் நீராகாரமும் உண்டு வளர்ந்த நாம், பாந்தா உண்ணும் அண்டை வீட்டாரை உறவாகக் காண்பதில் வியப்பில்லை.

சந்தையில் வெண்ணிற உருண்டைகளோடு அமர்ந்திருக்கும் பழங்குடிப் பெண்ணையோ நாம் அவ்வாறு காண்பதில்லை. ‘அது நாட்டுச் சரக்கு’ என்று ஒதுங்கிப் போகிறோம். சங்க இலக்கியம் படித்த பெருமை நமக்கு உண்டு. அவ்விலக்கியத்தில் உரையாசிரியர்க்கே முழுதும் விளங்காத ஒரு சொல்லின் பொருளைக் கையில் வைத்திருப்பவளோ அவள். நம்மிடம் சொல் எஞ்சியது. அவளிடம் தொழில் எஞ்சியது. உருத்திரங்கண்ணனார் இன்று அச்சந்தைக்கு வருவாராயின், எவரையும் கேளாமலே அந்த உருண்டையைக் கையில் எடுத்து, அதன் மேற்பூத்த பூவைக் கண்டு, இது நல்லடை என்று சொல்லியிருப்பார்.